நெல்பா வேலையை விடவில்லை

உருகுவேயின் சால்ட்டோ ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் நெல்பா இருபத்தாறு வருஷமாகச் சமைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தொண்ணூறு வயது அப்பா எவுதோரோவுக்கு நினைவு தடுமாறியதும், அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று அவளைக் கேட்காமலேயே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பகலில் துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கே எழுபத்தெட்டு. இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டாள். பராமரிப்புக்கு ஆள் கேட்டு அரசாங்கத்தில் பெயர் கொடுத்திருந்தார்கள். முறை இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த தம்பி வில்மாரிடம் போனாள். அவன் பணி ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நாளையிலேருந்து காலையில அப்பாவ நீ பாத்துக்கோ."

"குளிப்பாட்டுறது, துணி மாத்துறதெல்லாம் ஆம்பள செய்யற வேலையாக்கா?"

"அவரும் ஆம்பளதானே. உனக்கென்ன கூச்சம்?"

மறுநாள் பதினோரு மணிக்கு வில்மார் பள்ளிக்குப் போன் செய்தான். வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் அப்பா வெளியே போய்விட்டாராம். தெருவில் எங்கும் இல்லையாம்.

நெல்பா ஏப்ரனோடு ஆற்றுப் பக்கம் ஓடினாள். நாலு நாள் மழையில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலையை விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்ற ஒரே கேள்வி வழி நெடுக அவளை அறைந்தது.

படித்துறையில் கூட்டம். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் வில்மார், ஒரு கையால் அப்பாவை மாரோடு அணைத்தபடி நின்றான். படகு பிடிக்கப் போகிறேன் என்று ஆற்றில் இறங்கியவர் பயத்தில் கால்சட்டையிலேயே வெளிக்குப் போயிருந்தார். அத்தனை பேர் பார்க்க, மற்றக் கையால் வில்மார் அவரைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். எவுதோரோ அதட்டினார்: "மெதுவாத் தேய்டா, தோல் உரியுது."

நெல்பா இறங்கக் காலெடுத்தாள். இப்போது இறங்கிப் போனால் நாளைக்கும் தானேதான் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேல்படியிலேயே நின்று ஏப்ரனை அவிழ்த்து நீட்டினாள்.

அப்பாவை மேலே தூக்கி வந்த வில்மார் அதை வாங்கி அவர் இடுப்பில் சுற்றினான். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"சோப்பு எங்கக்கா வெச்சிருக்க?"

பிள்ளைகளின் சாப்பாட்டு மணிக்குள் அவள் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள்.

அப்பா இறக்கும்வரை, மூன்று வருஷம், காலை வேளை வில்மாருடையதாக இருந்தது. சீட்டாடும் இடத்தில் "ஆயாம்மா வந்தாச்சு" என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாள் அங்கே போகாமல் இருந்தான். பிறகு ஒருநாள் போய், "உங்க அப்பாவுக்கெல்லாம் யாருடா செய்யறா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைக் கலைத்தான்.