ஐந்தாம் நாள் அதிகாரி

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அட்டை வழங்கப் பரிந்துரைக்கும் இருவர் குழுவில் இடம். விதிகளைப் படிக்க நான். கேட்டுக் கொட்டாவி விட, ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருவர். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகைக் கூடத்தில், விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பைகளில் டீ குடித்தபடி, எது பாரம்பரியக் கதை, எது இல்லை என்று தீர்ப்பு எழுதினோம். பீங்கான் செய்கிற ஊரில் நம் கைக்கு வருவது எப்போதும் கழித்துவிட்ட சரக்குதான்.

விதி எளிது. கதைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வர வேண்டும். இரண்டு தலைமுறையாவது பாடப்பட்டிருக்க வேண்டும். இயற்றியவர் இன்னார் என்று தெரியக் கூடாது.

கடைசித் தேதியன்று மாலை நான்கு மணிக்கு, கையில் உடுக்கையோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், கம்மாபுரம் பக்கத்து ஊர். முழங்கால் தேய்ந்துவிட்டது, களை எடுக்கக் குனிய முடியாது. அட்டை இருந்தால்தான் விழா மேடைகளில் பாட அழைப்பார்கள்.

“இது வரலன்னா பாட்ட வுட்டுட்டு மக வூட்ல போயி குந்த வேண்டியதுதான் சார்.”

அவர் பாடுவது ஏழு நாள் கதை. கிணற்றுக்குள் குடியிருக்கும் ஒரு பெண்ணிடம் நாளுக்கு ஒருவர் வந்து தண்ணீர் கேட்பார். கேட்பவரின் கதைதான் அன்றைய கதை. முதல் நாள் திருடன், இரண்டாம் நாள் ராஜா.

“அஞ்சாம் நாளப் பாடும்மா,” என்றார் தமிழய்யா. “நடுவுல புடிச்சாதான் வண்டவாளம் தெரியும்.”

உடுக்கை அதிர்ந்தது. ஐந்தாம் நாள் வருபவர், ரோட்டுக்கு நிலம் எடுக்கும் அதிகாரி. கிணற்றை விட்டுவிடும்படி ஊரார் மனு கொண்டு வருகிறார்கள். அவர் தலை நிமிராமல் சொல்கிறார்: “கெடு நேத்தே முடிஞ்சிது.” அதைச் சொல்லும்போது அந்த அம்மா சுண்டுவிரலைப் பல்லில் கடித்துக்கொண்டார், பேனா மூடியைக் கடிப்பதுபோல.

என் வாயில் பேனா மூடி இருந்தது.

என் சர்வீஸில் நானும் ரோட்டுக்கு நிலம் எடுத்திருக்கிறேன். அதே ஊர். அதே கிணறு. ஒரு நாள் தாமதமாக வந்த மனு. அதன்மேல் நான் எழுதிய ஒரு வரி. எல்லாம் விதிப்படி நடந்ததால் மறந்தும் போயிருந்தேன். நான் மூடிய கோப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அது உடுக்கையில் ஏறி இத்தனை வருடமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

தமிழய்யா விழித்துக்கொண்டார். “ஏம்மா, ரோடு போடுற அதிகாரி வந்தா அது எப்படிம்மா பழங்கதை? நீயே கட்டிட்டியா?”

“ஐயோ, நான் ஒண்ணும் கட்டல சார். அஞ்சாம் நாளு எப்பவும் அதிகாரிதான். எங்க அத்த பாடுறப்ப வெள்ளக்காரத் தொரை. அவங்க மாமியா பாடுறப்ப ஜமீன் கணக்குப்புள்ள. கடைசியா யாரு கெணத்தாண்ட வந்தாங்களோ அவங்கள வெச்சிப்போம். எடம் பழசு சார், ஆளுதான் புதுசு.”

“இந்த ஆளு பேரு?”

“அது யாருக்கு ஞாபகம் இருக்குது? பேனா மூடிய கடிச்சிக்கினே பேசுவாராம். அவ்ளோதான்.”

பெயர் தப்பியதில் ஒரு நிம்மதி. உடனே அந்த நிம்மதியைப் பார்த்தே கூசியது.

விண்ணப்பதாரருடன் முன்தொடர்பு உள்ள உறுப்பினர் அதைச் சொல்லி விலக வேண்டும் என்பது விதி. அதை வாசித்துக் காட்டியவனே நான்தான். ஆனால் பரிந்துரைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்; நான் விலகினால் வேறு ஆள் போட ஒரு வாரமாகும். கெடு இன்று ஐந்து மணி. அடுத்த வாரம் யாரோ ஒருவர் தலை நிமிராமல் என் வரியையே இந்த விண்ணப்பத்தின் மேலும் எழுதுவார்.

நான் தெரிந்தே மீறிய முதல் விதி அது. ‘தொன்றுதொட்டு வழங்கும் கதைத் தொடர். இயற்றியவர் அறியப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

“உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா சார்,” என்று தமிழய்யாவும் போட்டார்.

அந்த அம்மா உடுக்கையைத் துணியில் சுற்றினார். “போயிட்டு வரேங்க.”

கேட்காமல் இருக்க முடியவில்லை. “அந்த அதிகாரி கடைசில என்னம்மா ஆவாரு?”

“தாகம் எடுத்து அவரும் கெணத்தாண்ட வருவாரு சார். ‘கெடு நேத்தே முடிஞ்சிது’ன்னு அவ சொல்லிடுவா. ஜனங்க அங்கதான் கை தட்டும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, அங்கியே நிக்க வேண்டியதுதான். அடுத்த அதிகாரி வர்ற வரைக்கும்.”