துரை படித்த காகிதம்

நான் கைநாட்டு வைக்க மறுத்தது துரைக்கே அவமானம் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். பேசட்டும். வண்டி மாடுகள் இரண்டும் என்னுடையவை. ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டிச் சேர்த்த கூலியில் வாங்கியவை. வண்டியை ஓட்டியது என் வீட்டுக்காரர் என்றாலும் ஒப்பந்தத்தில் ரேகை பதிக்க வேண்டியவள் நான். எழுதப் படிக்க நான் பிற்காலத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ரப்பர் விலை ஏறியிருந்த வருஷம் அது. தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளை ஈப்போ ரயில் நிலையத்துக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டுமென்று, ஈப்போ பக்கத்துச் சிலிபினில் இருந்த எங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். முன்பு அந்த வேலையைச் செய்தவர் மாடும் வண்டியும் இல்லாமல் நடந்தே ஊரை விட்டுப் போயிருந்தார். கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டான் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றோம். ஜன்னல் வழியே துரை தெரிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் ஒப்பந்தத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வரி வரியாக விரலை ஓட்டினார். ஒரு பக்கத்தைத் திருப்பியவர், என்ன சந்தேகமோ, பழைய பக்கத்துக்கே மறுபடி போனார். முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

கிராணி என்ற ஆபீஸ் குமாஸ்தா அதைக் கொண்டுவந்து மைப்பெட்டியைத் திறந்தார். நல்ல அக்ரிமெண்டு, விரலை வை என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். துரை கொடுத்த காகிதத்தை வாசிக்கச் சொன்னால் துரையையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயங்களில் அது எழுதாத சட்டம். மரியாதை என்ற பேரில் எத்தனை பேர் விரலை நீட்டினார்களோ. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“எழுதச் சொன்ன தொரையே படிச்சுப் பாத்துதான் போட்டாரு கிராணி ஐயா. நான் மட்டும் ஏன் படிக்காம வைக்கணும்?”

வெளியே கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறேன் என்றேன். காகிதம் ஆபீசை விட்டு வெளியே போகாது என்றார் கிராணி.

“அப்ப என் வெரலும் மையத் தொடாது.”

சொல்லிவிட்டு நடந்தேன். கேட்டைத் தாண்டுமுன் கூப்பிட்டார்கள். ஸ்டோரில் ஷீட்டுகள் கூரை முட்டக் கிடந்தன. துரைக்கு வண்டி அவசரம். காகிதத்தை வாங்கிக்கொண்டு ஈப்போ கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதுபவரிடம் போனேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

மனு எழுதுபவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். மழையானாலும் சரி, மாட்டுக்கு நோயானாலும் சரி, சரக்கு சொன்ன நாளில் ரயிலுக்குப் போய்ச் சேராவிட்டால் மாடும் வண்டியும் தோட்டத்துக்குச் சொந்தம்.

முன்பு வண்டி ஓட்டியவர் மாட்டையும் வண்டியையும் தொலைத்தது கள்ளுக்கடையில் இல்லை. வீட்டுக்காரர் எழுந்துபோய் மாடுகளின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மறுநாள் மனு எழுதுபவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அந்த வரியை அடிக்கச் சொன்னேன். கிராணி உள்ளே போய் வெகுநேரம் பேசினார். கடைசியில் துரையே வாசலுக்கு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். கிராணி மைப்பெட்டியை நீட்டினார்.

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மனு எழுதுபவரிடம் முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். துரை நின்றுகொண்டிருக்கிறார் என்று கிராணி பல்லைக் கடித்தார்.

“நிக்கட்டும். நேத்து நாங்க நின்னோம்ல.”

மனு எழுதுபவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். துரை வெயிலிலேயே நின்றார். இந்தத் தடவை வீட்டுக்காரர் இடிக்கவில்லை. அப்புறம்தான் விரலை மையில் வைத்தேன்.