கூட்டேரிப்பட்டு தென்னரசின் மூக்கு

என் தம்பி தென்னரசு கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி பட்டறை வைத்திருந்தான். நான் அவனுக்கு மூத்தவள், எட்டாவது வரை படித்தவள். பட்டறைக்கு ஒட்டினாற்போல எனக்கு டீக்கடை. அதனால் அவன் வேலையை நான் பார்க்காத நாள் குறைவு. சொந்தத் தம்பி என்று கூட்டிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடுகிற டிரைவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மூக்கு. ஓடுகிற வண்டி திடீரென்று இழுவை குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளினால், டீசல் சரியாக எரியாமல் வெளியே வருவதாக இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிந்து ஆவியாக வருவதாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். தென்னரசு சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு மூச்சு இழுப்பான். டீசல் நெடி அடித்தால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றுவான். வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக வந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, அடியில் கசிவை அடைக்கிற கேஸ்கட்டைத்தான் மாற்ற வேண்டும். அவன் முகர்வதைப் பார்ப்பதற்கென்றே டிரைவர்கள் டீ கிளாஸோடு நிற்பார்கள்.

கொரோனா காய்ச்சலில் அந்த மூக்கு போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் திரும்பி வந்த வாசனை அவனுக்கு வரவே இல்லை. ஒருநாள் என் கடையில் பால் அடிப்பிடித்து ரோடு வரைக்கும் நாறியபோது, அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றான். நானும் சொல்லவில்லை.

அதற்காக அவன் குத்துமதிப்பாக வேலை பார்க்கவில்லை. வேறு வழிகளைப் பழகிக்கொண்டான். சைலன்சர் வாயில் வெள்ளைத் தாளைப் பிடிப்பான். ஈரம் காய்ந்து மறைந்தால் தண்ணீர், எண்ணெய்க் கறையாக நின்றால் டீசல். ஆயில் அளக்கிற கம்பியை உருவி, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பான். இன்ஜினை ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பான்; வந்தால் ஹெட்டில் கசிவு. நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு வண்டியிலும் தப்பானதில்லை. இருந்தாலும் வண்டி வந்ததும் முதலில் குனிந்து முகர்வதை மட்டும் அவன் விடவில்லை. டிரைவர்கள் நம்பியது அதைத்தான்.

போன சித்திரையில் ராஜ்குமாரின் லாரி பட்டறை வாசலுக்கு ஊர்ந்து வந்து நின்றது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போகிற வண்டி. பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. ராஜ்குமார் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர், பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து வருகிறவர்.

"மேடு ஏறவே மாட்டேங்குது தென்னரசு. முழுசா மிதிச்சாலும் பேஜாரு பண்ணுது. ஜல்தியா பாரு, மில்லுல ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

தம்பி குனிந்து முகர்ந்தான். தாளைப் பிடித்தான். கம்பியை உருவினான். பிறகு, இன்ஜின் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் குந்திக்கினு இருக்கே? முன்னலாம் வண்டி நிக்கறதுக்குள்ள சொல்லிடுவே."

"வயசாவுதில்லண்ணே."

"அக்கா, இன்னொரு டீ போடு. உன் தம்பி மூக்கு இன்னும் பல்லு வெளக்கல போலக்குது" என்றார் ராஜ்குமார் என்னிடம்.

நான் சிரித்து வைத்தேன். தம்பி சிரிக்கவில்லை.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தான். தண்ணீர் சூடாவதற்கு முன்பே குமிழி குமிழியாகப் பொங்கியது.

"ஹெட் கேஸ்கட் போயிருக்குதுண்ணே. தண்ணி உள்ள எறங்குது. இப்படியே ஓட்டுனா இன்ஜினே போயிடும். ஹெட்ட எறக்கணும்."

ராஜ்குமாரின் முகம் சுருங்கியது. ஹெட்டை இறக்கினால் லாரி நாள்கணக்கில் நிற்கும்.

"நல்லா மோந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"இனிப்பு வாசன வந்துச்சா?"

தம்பி கரித்துணியில் விரல்களைத் துடைத்தான். "வந்துச்சு. நல்லாவே வந்துச்சு."

ராஜ்குமார் கிளாஸை என் மேசைமேல் வைத்தார். "பொங்கலுக்கு அப்பறம் நான் கூலன்ட்டே ஊத்தல தென்னரசு. வூட்டு போர் தண்ணியத்தான் ஊத்திக்கினு வர்றேன். வெறும் தண்ணில இனிப்பு எப்படிப்பா வரும்?"

எங்கள் பக்கத்தில் பல பேர் செய்கிற காரியம்தான். தம்பிக்கும் அது தெரியும். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறார் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"எனக்கு வாசன தெரியாதுண்ணே" என்றான் கடைசியில். "கொரோனாவுல போச்சு. ஆனா சொன்னது சரி. குமிழி வருது, நீயே பாரு."

"அப்ப இத்தினி நாளா மோந்ததெல்லாம்?"

"எதுவும் தப்பா சொல்லலியே."

"எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னத நம்பிக்கினு போனவன் நான்."

ராஜ்குமார் தெரிந்த லாரிக்காரரை போனில் வரவழைத்து, கயிறு கட்டி வண்டியை விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தம்பியும் கூடவே நின்று கயிற்றை முடிந்து கொடுத்தான்.

அடுத்த வாரம் அந்த லாரி சரியாகி திண்டிவனம் பக்கம் திரும்பியபோது ராஜ்குமார் பட்டறை எதிரே நிறுத்தினார். இறங்கவில்லை. "கேஸ்கட்டுதான். நீ சொன்னாப்புலயே" என்றார். நல்ல மனிதர், சொல்லாமலே போயிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கள் வாசலில் நிற்கவே இல்லை.

பேச்சு ரோடெல்லாம் பரவியது. கிரீஸ் வைக்க வருகிறவர்கள்கூட, "மல்லிப்பூ வாங்கியாரட்டா, மோந்து சொல்றியா?" என்று கேட்டார்கள். ஒருவன் டீசல் நனைந்த துணியை விளையாட்டாக அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். தம்பி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். பிறகு கிரீஸ் வேலையும் வரவில்லை. ஆடி பிறப்பதற்குள் பட்டறையை மூடிவிட்டான்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் கூலிக்கு இருக்கிறான். சக்கரம் கழற்றுவது, டயர் மாட்டுவது, இதுதான் வேலை. வெள்ளைப் புகையோடு வருகிற வண்டிகள் அங்கேயும் வருகின்றன. மற்றவர்கள் நாசிலைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்களாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும் என்று வீட்டில் சோறு தின்னும்போது என்னிடம் சொல்வான்.

"அங்கயே சொல்றதுக்கு இன்னாடா?" என்றேன்.

"கேட்டா சொல்வேன்க்கா."

இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.