கையைக் கட்டு, வாயைத் திற

“கை போவுது, கை போவுது” என்று எல்லம்மாள் சொன்னதும் தாயாரம்மாள் தன் வலது கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். எதிரே உட்கார்ந்து மூங்கில் சிம்புகளோடு போராடிக்கொண்டிருப்பவள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள். இன்றைக்கு அவள் மாணவி, தாயாரம்மாள் ஆசிரியை. மாணவி எவ்வளவு கோணலாகப் பின்னினாலும் ஆசிரியை வாயால் சொல்லலாமே தவிர, கூடையைத் தொடக்கூடாது. எல்லம்மாளின் வகுப்பில் முதல் சட்டமும் இதுதான், கடைசிச் சட்டமும் இதுதான்.

“நீ தொட்டா கூடை நேராவும். அவ கை கோணலாவே கீதே, அதுக்கு இன்னா பண்ணுவ? கைய கட்டு, வாய தொற.”

திருத்தணி மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டுக் கொட்டகை. ஆகஸ்டு மாதம் சுதந்திரக் கொடி ஏற்றிய கம்பம் இன்னும் வாசலில் நிற்கிறது. கிராமப் பள்ளிக்கூடங்களில் மூங்கில் வேலை சொல்லிக்கொடுக்கப் போகிற நாங்கள் எட்டுப் பெண்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறோம். எங்களைப் பழக்குகிற எல்லம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். மூங்கிலைப் போலவே ஒல்லி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபத்தில் இரண்டும். ஆண்கள் எல்லாரும் அவருக்கு நைனா, பெண்கள் எல்லாரும் கண்ணு. எழுதப் படிக்கத் தெரியாது.

புதிதாக யார் வந்தாலும் பேரைக் கேட்பதற்கு முன்னால், “வூட்ல உன் கை இன்னா வேலை பண்ணும்?” என்று கேட்பார். அரக்கோணத்து ரஹிமுன்னிசா, பீடி சுற்றும் என்றாள். “அப்ப பாதி கத்துக்கினு வந்துட்டே. இலைய மடிச்சி உள்ள தள்ளுவ பாரு, அதான் இங்கயும்.” தாயாரம்மாளுக்குச் சடை பின்னும் கை. என் முறை வந்தபோது நான் கையை நீட்டினேன். குனிந்து என் விரல் நுனிகளைப் பார்த்தவர், “கோலம் போடற வெரலு, பொழச்சிக்கும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

கையைக் கட்டிக்கொள்கிறாரே தவிர, அவருக்கே அது பெரும்பாடு. நாங்கள் தப்புச் செய்யும்போது அவருடைய கால் விரல் துடிக்கும். மெட்டி தரையில் டக்கென்று அடிக்கும். ஒரு டக் என்றால் பின்னல் தளர்ந்திருக்கிறது, இரண்டு டக் என்றால் கூடையில் குத்திட்டு நிற்கும் பத்தை ஒன்றைப் பின்னாமல் தாண்டிவிட்டோம். வாயைவிட மெட்டி சொல்வதே எங்களுக்குச் சீக்கிரம் விளங்கும்.

மாணவியின் கூடையைத் தொட்டுவிட்டவளுக்குத் தண்டனை உண்டு. ஒரு கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குளம் வரைக்கும் போய்வர வேண்டும். ஒரு கிருத்திகையன்று தாயாரம்மாள் அப்படிப் போனபோது, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பக்தர் ஒருவர் வழிவிட்டு நின்று, பயபக்தியோடு கேட்டாராம்: “இது இன்னா வேண்டுதல்மா?”

“கை சும்மா இல்லாத வேண்டுதலுங்க” என்று கூடைக்குள்ளிருந்தே பதில் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

மதிப்பெண் போடுவது எல்லம்மாள் இல்லை, துரைசானி. துரைசானி ஒரு வெள்ளைக் கோழி. காலை உயரத் தூக்கி வைத்து வெள்ளைக்காரச் சீமாட்டி மாதிரி நடக்கும். எங்களிடம் படித்தவர்கள் பின்னிய கோழிக்கூடையைத் துரைசானியின்மேல் கவிழ்த்து, வெளியே கம்பு இறைத்து, நூறு எண்ணுவோம். கோழி வெளியே வந்துவிட்டால், பின்னியவளுக்கு ஒன்றுமில்லை, சொல்லிக்கொடுத்தவள்தான் தோற்றாள். “நான் மார்க்கு போட்டா ஒரு பக்கம் சாஞ்சிடுவேன். துரைசானிக்கு எவளும் சொந்தக்காரி இல்ல” என்பார் எல்லம்மாள்.

போன மாதம் அவருக்கே பரீட்சை வந்தது. சான்றிதழ் இல்லாத ஒருவர் ஆசிரியைகளைப் பழக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார், எல்லம்மாள் தேறவில்லை என்றால் அடுத்த வாரமே வேறு ஆள். ரஹிமுன்னிசா படித்துச் சொன்னதும் எல்லம்மாள், “வரட்டும்” என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் மெட்டி ஓயவில்லை.

இன்ஸ்பெக்டர் கஜபதி கரிப் புகை பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றியபோது முகமெல்லாம் கரி, கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். பின்னால், மார்பின் குறுக்கே சிவப்பு டவாலியும் பெரிய தலைப்பாகையுமாக அவருடைய சேவகன் வீரபத்திரன்.

“பரீட்சை எழுதணும் அம்மா.”

“எழுத வராதுங்க நைனா.”

இன்ஸ்பெக்டர் நல்லவர். கொஞ்சம் யோசித்தார். “சரி, சொல்லிக்கொடுத்துக் காட்டுங்க. இந்தப் பெண்கள் வேண்டாம், இவங்க தேர்ந்தவங்க. நம்ம வீரபத்திரன் இருக்கான். சாயங்காலம் பஸ்ஸுக்குள்ள இவன் ஒரு கூடை முடிக்கணும். உங்க சட்டம் கேள்விப்பட்டேன். நீங்க தொட்டா சர்ட்டிபிகேட் இல்லை.”

வீரபத்திரன் ஓரடி பின்வாங்கினான். “ஐயா, எனக்குப் பொத்தான் தைக்கவே வராதுங்களே.”

எல்லம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் எதிரே குந்தினார். “நைனா, உன் கை இன்னா வேலை பண்ணும்?”

“பைல் தூக்கும்மா.”

“அப்புறம்?”

“சலாம் போடும்.”

“வேற?”

அவன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சாப்பிடும்.”

தாயாரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எல்லம்மாள் சிரிக்கவில்லை. இப்படி ஒன்றும் தெரியாத கை அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

நாங்கள் முந்தின நாளே பின்னி வைத்திருந்த அடிப்பகுதியைக் கொடுத்தோம். சுற்றும் விளிம்பும் அவன் பாடு. ஒரு பத்தைக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று எல்லம்மாள் சொல்லச் சொல்ல, அவன் முன்னாலேயே நான்கைத் தாண்டினான். மெட்டி டக் டக்கென்றது.

“காலும் பேசக்கூடாது அம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லம்மாள் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். வேலியோரம் மலைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு மொட்டைத் தலை, “முன்னாடி வுடு, இப்ப பின்னாடி” என்று தானும் பாடம் நடத்தியது. உச்சிப் பொழுதில் சுற்று ஏறியது. கூடை கொஞ்சம் கழுத்துச் சுளுக்கிய மாதிரி சாய்ந்திருந்தாலும் கூடையாகவே இருந்தது.

மூன்று மணிக்கு விளிம்பு வந்தது. அங்கேதான் வந்தது வினை. விளிம்பில் சிம்பின் முனை நிற்காவிட்டால் கோழி ஒரு முட்டு முட்டினாலே எல்லாம் அவிழ்ந்துவிடும். வீரபத்திரன் முனையை மடிப்பான். அது துள்ளி எழுந்து அவன் மீசையில் அடிக்கும். “உள்ள சொருவு” என்றால் வெளியே சொருகினான். “அமுக்கிப் புடி” என்றால் கூடையையே அமுக்கினான். பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. எல்லம்மாளின் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்தோம். ரஹிமுன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லம்மாளின் பார்வை கூடையிலிருந்து மெல்ல ஏறி அவன் தலைக்குப் போயிற்று.

“நைனா, தலப்பா அவுந்துடுச்சி பாரு.”

அவிழவே இல்லை. ஆனால் அவன் கை தலைக்குப் போய், பின்புறம் முனையைத் தேடிப் பிடித்து, ஒரே இழுப்பில் சொருகிவிட்டு இறங்கியது.

“இப்ப அந்த முனைய எங்க வுட்ட?”

“அடிச் சுத்துக்குள்ள வுட்டு, மேல் சுத்தால அமுக்கிட்டேன்.”

“அவ்ளோதான் நைனா. கூடைக்கும் தலப்பா கட்டிவுடு.”

வீரபத்திரன் கூடையைப் பார்த்தான், எல்லம்மாளைப் பார்த்தான். அவன் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. உள்ளே விட்டு, மேலே அமுக்கி, உள்ளே விட்டு, மேலே அமுக்கி, கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுவதுபோல விளிம்பைக் கட்டி முடித்தான். வேலியோரத்து மொட்டைத் தலைகள் அரோகரா போட்டன.

துரைசானியை உள்ளே விட்டோம். இன்ஸ்பெக்டரே கம்பு இறைத்தார். கோழி கழுத்தை நீட்டியது, விளிம்பைக் கொத்தியது, முட்டியது. கூடை ஒரு சாண் தூரம் நகர்ந்தது. விளிம்பு நின்றது. எண்ணிக்கொண்டிருந்த ரஹிமுன்னிசா பதற்றத்தில் அறுபதுக்குப் பிறகு ஐம்பதுக்குப் போய்விட்டாள். மூன்றாம் தடவை ஐம்பது வந்தபோது, “போதும், கோழிக்கு லீவு கொடுங்க” என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

சான்றிதழில் கைநாட்டு வைக்க எல்லம்மாளை இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வர மறந்துவிட்டது.

“சம்சாரம் நம்பமாட்டா” என்று வீரபத்திரன் கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பஸ்ஸுக்குள் அது நுழையாததால், ஜன்னல் வழியாக வெளியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் எட்டுப் பேரும் வழியனுப்ப நின்றோம். விளிம்பில் ஒரே ஒரு முனை மட்டும் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது.

பஸ் புகையைக் கக்கி நகர்ந்தது. சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லம்மாள் ஓடினார். ஜன்னலை எட்டிப் பிடித்து, இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்க்கிறார் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கட்டை விரலால் அந்த முனையை உள்ளே ஓர் அழுத்து அழுத்தினார்.