பின்கதவை அளக்கப் போனேன்

போன மாதம் மகள் தோழிகளோடு சாப்பிடப் போன ஓர் உணவகத்தின் சமையலறையில் தீப்பிடித்தது. ஒருவருக்கும் காயமில்லை. அவள் மறுநாளே மறந்துவிட்டாள். நான்தான் இன்னும் குக்கர் விசில் அடித்தால்கூட ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறேன்.

அதிலிருந்து அவள் எங்கே போவதாகச் சொன்னாலும் முதல் நாளே நான் போய்ப் பார்த்துவிடுகிறேன். பூங்கா என்றால் தப்பி ஓட எத்தனை வாசல், மொட்டைமாடி உணவகம் என்றால் எத்தனை படி. இருபது வருடமாக இங்கே இருந்தும் பார்க்காத ஹைதராபாத்தை ஒரே மாதத்தில் பார்த்துவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை ஜூப்ளி ஹில்ஸில் ஒரு பாரில் தோழியின் பிறந்தநாள். வெள்ளிக்கிழமை பகலில் வீட்டுக்குப் பக்கத்தில் மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினேன். கையில் ஒரு நோட்டும், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவரின் அளவு டேப்பும்.

நேராக பாரின் பின்கதவுக்குப் போய் அகலத்தை அளந்தேன். குறுக்கே பீர் பெட்டிகள். அதையும் எழுதிக்கொண்டேன். மேலாளர் ஓடி வந்தார். நாற்காலி வந்தது, லைம் சோடா வந்தது, ஒரு கோப்பும் வந்தது.

"லைசென்ஸ் சப் பக்கா ஹை, மேடம்!"

லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதாம். என்னை அரசாங்க அதிகாரி என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெட்டிகளை அகற்ற ஆரம்பித்தார்கள். சோடாவைக் குடித்தேன்.

சனிக்கிழமை மாலை மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அந்த பார் பந்த். நேத்து யாரோ ஸ்ட்ரிக்ட் ஆபீசர் மேடம் வந்தாங்களாம். பயந்துபோய் எல்லாம் சரிபண்ற வரைக்கும் மூடிட்டாங்க."

"அப்போ எங்கேடி போறீங்க?"

"தெரியல மா. கச்சிபௌலி பக்கம் எங்கேயாவது. கார்ல போகும்போது டிசைட் பண்ணுவோம்."