சக்கர மாத்திரை

ஷோபனா என்ற பெயரைக் கன்னியம்மாள் முதலில் கேட்டது தன் மூத்த மகள் வனஜா வாயால்தான். "நம்ம தம்பி உத்தமனுக்குப் பொண்ணு பாத்துகீறேம்மா. ஷோபனான்னு பேரு, திருமுல்லைவாயில். அப்பன் ஆத்தா இல்ல, ஏன்னு கேக்க நாதியில்ல. அடக்கமா கெடப்பா." தாயில்லாப் பெண் தன்னிடம் ஒட்டிக்கொள்ளும் என்று கன்னியம்மாளுக்குச் சந்தோஷம்.

கல்யாணமாகிக் கோவில்பதாகை வீட்டுக்கு வந்தவள் புருஷன் பேரை வாய்தவறியும் சொன்னதில்லை. உத்தமன் எந்த வேலையிலும் நிலைக்காததால், மறுவருஷமே சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகும்போது ரத்தம் சோதித்தார்கள்; ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு லீவில் வந்து ரெண்டு மாசம் இருந்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பிப் போன சில மாசத்தில் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. ஆறியது, மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு வேலைக்காரி காதோடு சொன்னாள், பேர் ஊர் கேட்காமல் ரத்தம் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது, முதலாளிக்குத் தெரியாது என்று. அங்கே, சொந்தப் பேர் வேண்டாம், கூப்பிட ஏதாவது ஒரு பேர் சொல் என்றார்கள். அவள் வாயில் வந்தது 'உத்தமன்'. ஆண் பேரைக் கூப்பிடப் புடவைக்காரி எழுந்து போனதை அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்களாம். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது.

நோய் தெரிந்தால் அந்த நாட்டில் இருக்க விடமாட்டார்கள். யாரும் அனுப்புவதற்கு முன்னால் தானே வேலையை விட்டு வந்து, மாமியார் எதிரில் நின்று இத்தனையும் சொன்னாள். உத்தமனும் இருந்தான்; வனஜாவும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள்.

"அங்க எவன்கிட்ட வாங்கிகினு வந்தியோ! என் தம்பி பேர வேற சொல்லி மானத்த வாங்குனியா?"

"வேற எவனையும் எனக்குத் தெரியாது அண்ணி. தெரிஞ்சிருந்தா அவன் பேரச் சொல்லியிருப்பேன்."

வனஜாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "ரொம்பப் பேசாத. சிங்கப்பூர் போயி லீவுல வந்த நீ டப்பா எழுத்தப் படிச்சிடுவேன்னு மாத்திரைய ஒளிச்சி வெச்சி, ரெண்டு மாசம் போடாம உட்டான் பாரு, அதால வந்த வென இது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"எந்த மாத்திரடி? சக்கர மாத்திரயா?" என்றாள் கன்னியம்மாள்.

மகனுக்குச் சர்க்கரை வியாதி என்று நம்பி, வருஷக்கணக்காக அவனுக்கு மட்டும் தனியாக, சர்க்கரை போடாத காப்பி கலந்தவள் அவள். பொங்கலன்றுகூட அவன் இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்காமல், அழுதுகொண்டே தானும் தின்னாமல் இருந்தவள்.

"உனுக்கு இந்த நோவு இருக்கறது கல்யாணத்துக்கு முன்னயே தெரியுமாடா?" என்று மகனைக் கேட்டாள்.

உத்தமன் தரையைப் பார்த்தான். "தெரியும். மருந்து போட்டா அவளுக்கு வராதுன்னாங்க."

"அத அவகிட்ட சொல்றதுக்கு உனுக்கு வாய் இல்லயா? சொல்லியிருந்தா ஒளிச்சி வெச்சிருப்பியா? வேளைக்கு அவளே தண்ணியோட எடுத்துக் குடுத்திருப்பாளேடா! பெத்தவளுக்கே காது குத்தினியே, பாவி!" மகள் பக்கம் திரும்பினாள். "கேக்க நாதியில்லன்னுதானே இவளப் புடிச்ச? நான் கேக்குறேன்டி இப்ப. உன் பொண்ணுக்கு ஒருத்தன் இப்படிப் பண்ணா சும்மா உடுவியா?"

கன்னியம்மாள் மகன் துணிகளை வாரித் தெருவில் எறிந்தாள். "உன் அக்கா ஊட்டுக்கே போ. இந்த ஊடு எம்பேர்ல கீது." பிறகு ஷோபனாவின் கையைப் பிடித்தாள். "நீ இங்கயே இரும்மா."

ஷோபனா கையை விடுவித்துக்கொண்டாள். "உங்க மேல கோவமில்ல அத்தே. ஆனா இந்த ஊட்டுல எனக்குத் தண்ணிகூட எறங்காது."

ஷோபனா இப்போது அம்பத்தூரில் தனியாக வாடகைக்கு ஒரு அறை எடுத்து இருக்கிறாள். தையல் கம்பெனியில் வேலை. மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள்.