மன்னிப்பு வழிபாட்டுக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்த கதை

கல்யாணப் பூசைக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது சுலபம், அன்றைக்கு யாரும் பாட்டைக் கேட்பதில்லை. பாவமன்னிப்பு வழிபாட்டுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் கஷ்டம். அன்று மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பார்கள். கோயில் பாட்டுக் குழுவை ஒரு வருஷமாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் எங்கள் கோயில். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை, ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்பதால் பாட்டுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, எங்கள் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பை நாங்கள் தபசுகாலம் என்போம், அப்படி ஒரு தபசுகாலத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஃபாதரின் பட்டியல்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் ஃபாதர் இளவயதுக்காரர். அதுவரை ஒவ்வொருவராகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டு, பாவங்களை ஃபாதர் காதில் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இந்த வருஷம் அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு வழிபாடு செய்யலாம் என்றார் அவர். பரிசுத்த வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. பாட்டும் சடங்கும் நான் தயாரிக்க வேண்டும். தம் பங்குக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தார். பீடத்துக்கு ஊதாத் துணி, பூ கிடையாது, ஆர்மோனியம் குரலுக்குத் துணையாக மட்டும், தபலா கூடவே கூடாது.

எங்கள் தபலாக்காரர் ஆரோக்கியம், வெலிங்டன் ராணுவ முகாமில் சீருடை தைக்கிறவர். வேலை முடிந்து குளிரில் இரண்டு மைல் நடந்து ஒத்திகைக்கு வருவார். செய்தியைச் சொன்னதும் தபலாவின் உறையை மெதுவாக இழுத்து மூடினார். வருத்தத்தை மறைக்க உறையின் முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், பாவம் பண்ணுனது ஊரே சேந்து, தண்டனை என்ர தபலாவுக்கு மட்டுமுங்களா?"

ஐந்து நிமிஷம்

பட்டியலில் 'மௌனம், ஐந்து நிமிஷம்' என்று ஒரு வரி இருந்தது. அதில் என்ன ஒத்திகை வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சும்மா இருப்பதைப்போலக் கடினமான பாட்டு வேறு இல்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்துப் பழகிப் பார்த்தோம், முதல் நிமிஷம் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் ஒருவர் இருமினார். உடனே ஊருக்கே தொண்டை கரகரத்தது. வெளியே ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் முனகிக்கொண்டே ஏறுவதை எல்லோரும் பக்தியோடு கேட்டோம்.

மூன்றாவது நிமிஷத்தில் முன் பெஞ்சிலிருந்து லாசர் ரைட்டர் எழுந்தார். தோட்டத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் ரைட்டர், கோயிலிலும் முதல் பெஞ்சுக்காரர். எழுந்தவர் கணீரென்று ஜெபமாலையைத் தொடங்கிவிட்டார். பத்து மணிகள் முடிகிறவரை அவரை நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அப்புறம் கேட்டேன். கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார்: "ஃபாதர் வசனத்தை மறந்துட்டாருன்னு நெனச்சு ஒத்தாசைக்கு எந்திரிச்சேனுங்க."

எரியாத பாவங்கள்

அடுத்தது சடங்கு. ஆளுக்கு ஒரு துண்டுத்தாளில் பாவத்தை எழுதி, பீடத்துக்கு முன் ஒரு கரிச்சட்டியில் போட்டு எரிப்பது என்று ஃபாதர் தீர்மானித்திருந்தார். எங்கேயோ பார்த்தாராம், பார்க்க அருமையாக இருந்ததாம். அது கீழ்நாட்டில் நடந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் தாள் என்பது பாதி தண்ணீர். பூசைச் சாமான் அறையில் வைத்திருந்த துண்டுகளை வெற்றுத்தாளாகவே போட்டுப் பார்த்தோம். எரியவில்லை. சுருண்டது, கறுத்தது, கோயில் முழுக்கப் புகையைக் கிளப்பியது. ஃபாதர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அன்றைக்கு வெயில் அடித்தால் சரியாகிவிடும்" என்றார்.

புகைக்குப் பயந்து வாசலில் போய் நின்றேன். அங்கே சவரியம்மா நின்றிருந்தாள். சிலோனிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வேலை. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். உதவி செய்கிற பெருமை என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாஸ்போட்டு ஃபாரத்துல எழுதிக் குடுத்தவரு எம் பேரையே சரோஜம்மான்னு எழுதிட்டாரு டீச்சர், இன்னமும் கடதாசியில நான் சரோஜம்மாதான், இதுல பாவத்தையும் எழுதக் குடுத்தா அது யாரு பாவமாப் போய்ச் சேருமோ."

அன்றோடு கரிச்சட்டி நின்றது.

இருபது கேள்விகள்

எரிப்பதற்குப் பதிலாக ஆத்தும சோதனையைக் கொஞ்சம் நீட்டலாம் என்று முடிவாயிற்று. ஒருவர் கேள்விகளை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் மனதுக்குள் பதில் தேட வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பது எனக்குப் பழகின வேலை. பொய் சொன்னேனா, புறம் பேசினேனா, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தேனா என்று இருபது கேள்விகள் எழுதினேன். ஆனாலும் மற்றவர்கள் எதைப் பாவம் என்று நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அதனால் போகிற வருகிற இடத்திலெல்லாம் விசாரித்தேன். விசித்திரம் என்னவென்றால், எல்லோரும் அடுத்தவருக்கான கேள்வியைத்தான் சொன்னார்கள். வேலைக்குப் பிந்தி வருகிறவர்களைப் பற்றி ஒரு கேள்வி வேண்டும் என்றார் லாசர் ரைட்டர். வாய்க்கு வந்தபடி பேசுகிற ரைட்டர்களைப் பற்றி ஒன்று வேண்டும் என்றார்கள் கொழுந்து எடுக்கிற பெண்கள்.

சவரியம்மா மட்டும், முதலில் என் தாளைப் படித்துக் காட்டச் சொன்னாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இருபதையும் படித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, தன் கதையைச் சொன்னாள். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம். அவளும் புருஷனும் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தான். அம்மா அண்ணனோடு. "ஒரு வருசத்துல வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறுனேன். அப்பவே தெரியும், வர ஏலாதுன்னு. அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி நின்னோம்." அம்மா இறந்த செய்தி ஒரு கடிதத்தில் வந்திருக்கிறது. அது வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. இது பாவமா இல்லையா என்று என்னைக் கேட்டாள். நான் தாளை மறுபடி மேலிருந்து தேடினேன். "இருவது கேள்வி எழுதியிருக்கீங்க, ஒண்ணுகூட எனக்கு வரலையே" என்றாள், குறையாக இல்லாமல், தாளை எட்டிப் பார்த்தபடி.

அதை ஃபாதரிடம் கொண்டுபோனேன். எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிறவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அது பாவமில்லை டீச்சர், துக்கம். ஆனால் துக்கத்தைக் கொண்டுவந்து வைக்க நம் புத்தகத்தில் இடம் ஒதுக்கவில்லை, நீங்களே ஒன்று பாருங்கள்."

லயத்து மெட்டு

இடம் பார்த்தேன். இருபதாவது கேள்விக்குப் பின்னால், பிரிந்து வந்தவர்களையும் விட்டு வந்தவர்களையும் நினைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதினேன். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். எங்களிடம் இருந்த பாட்டுகளெல்லாம் அந்த இடத்தில் நிற்கவில்லை. சிலோன் தோட்டத்துச் சின்னக் கோயிலில் தபசுகாலத்தில் என்ன பாடுவீர்கள் என்று சவரியம்மாவைக் கேட்டேன். முணுமுணுத்துக் காட்டினாள். சிலுவையடியில் நிற்கிற தாயைப் பற்றிய பாட்டு. அடி முடிகிற இடத்தில் குரல் கீழே இறங்கி, நின்று, உடைந்து, திரும்ப ஏறும். நான் நோட்டில் ஸ்வரம் எழுதப் பார்த்தேன். எழுத எழுத நழுவியது. ஒப்பாரி என்று யாராவது சொல்வார்களோ என்று ஃபாதர் பயந்தார். சொன்னால்தான் என்ன என்று அவரே தேற்றிக்கொண்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தின கிறிஸ்துமஸ் சமயத்தில் சவரியம்மா தானாகவே வந்து பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். இரண்டாவது ஒத்திகைக்கே அவளை வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். குரல் சேரவில்லை என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். அதை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது, வெள்ளிக்கிழமை வந்து தனியாக இதைப் பாட முடியுமா என்று கேட்டபோது, அவள்தான் ஞாபகப்படுத்தினாள்: "கிறிஸ்மஸுக்குச் சேராத கொரலு பாவத்துக்குச் சேருமாங்க டீச்சர்?"

யார் எழுந்து போவது

வழிபாட்டன்று கோயில் நிறைந்திருந்தது. முன்னால் பெஞ்சுகளில் ஆபீஸ்காரர்கள், ரைட்டர்கள், பள்ளிக்கூடத்தார். பின்னால் பாயில் சிலோன் குடும்பங்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை. முதல் பாட்டு, வாசகம், மௌனம், கேள்விகள் எல்லாம் தாளில் எழுதியபடி நடந்தன. கேள்விகளுக்குப் பின்னால் சவரியம்மாவுக்கு விட்டிருந்த இடம் மட்டும் பாட்டில்லாமல் போயிற்று, பாயிலிருந்து அவள் எழவில்லை. பிறகு ஃபாதர், "இந்தக் கோயிலுக்குள் நீங்கள் யாருக்காவது தப்புச் செய்திருந்தால், இப்போது எழுந்து அவரிடம் போங்கள்" என்றார். என் தாளில் அந்த இடத்தில் 'மக்கள் எழுந்து செல்வார்கள், நான்காம் பாட்டு மெதுவாக' என்று நானே எழுதியிருந்தேன். மக்கள் எழுந்து செல்லவில்லை. நான் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முன் பெஞ்சு பீடத்தைப் பார்த்தது, பாய் முன் பெஞ்சின் முதுகைப் பார்த்தது.

யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று யோசித்தேன். அப்போதுதான் அது நான்தான் என்று பட்டது. குரல் சேரவில்லை என்று சொன்னது பொய். அந்தக் குரல் எந்த வரிசையிலும் சேரும். பாட்டுக் குழுவின் முன்வரிசைப் பெண்கள் லயத்து ஆளோடு நின்று பாடமாட்டார்கள் என்று நினைத்தேன், அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன். ஆர்மோனியத்தை நிறுத்தினேன். நடுவழியில் பாய் வரைக்கும் நடந்தேன். அவ்வளவு நீளமான கோயில் அது என்று அதுவரை எனக்குத் தெரியாது. சவரியம்மாவுக்கு முன்னால் முழங்காலிட்டு, "உங்களை அனுப்பினது குரலுக்காக இல்லை, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதற்காக" என்றேன். அவள் என் தோளைப் பிடித்து எழுப்பினாள். "தெரியும் டீச்சர். அன்னிக்கே தெரியும்" என்றாள். அழவில்லை. அங்கேயே, பாயில் உட்கார்ந்தபடி, தன் பாட்டைத் தொடங்கினாள்.

இரண்டாவது அடியில் பாயிலிருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டு அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் யாரும் கேட்காததால் சொல்லவில்லை. முன்னால் பெஞ்சுகள் நகருகிற சத்தம் கேட்டது. லாசர் ரைட்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கடைசித் தூண் பக்கம் போனார். அங்கே அவர் கீழ் வேலை செய்கிற ஒருவர் நின்றிருந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். கேட்டும் பார்த்தேன். ரைட்டர் சொன்னார்: "அது உங்க தாள்ல இல்லாததுங்க டீச்சர், விட்டுருங்க."

ஈஸ்டர் ஒத்திகை

அடுத்த வாரம் ஈஸ்டர் பாட்டு ஒத்திகைக்குச் சவரியம்மா வந்தாள். நான் கூப்பிட்டு இரண்டு நாள் கழித்து, யோசித்துவிட்டு வந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் தள்ளி நின்று இடம் விட்டாள். இன்னொருத்தி அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எல்லாம் ஒரே வெள்ளிக்கிழமையில் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

புதிய சிக்கல் சுருதியில் வந்தது. நான் ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவள் குரல் அதற்குக் கொஞ்சம் மேலே நின்றது. அடுத்த கட்டைக்குப் போனால் கொஞ்சம் கீழே நின்றது. அவளைத்தான் இறங்கச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஆரோக்கியம் சுத்தியலை எடுத்துத் தபலாவின் விளிம்பைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அவள் குரலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "உங்க பொட்டியில அந்தக் கட்டையே இல்லீங்க டீச்சர்," என்றார் நிமிராமல், "நாமதான் கொஞ்சம் நகந்து போகோணும்."

அதன்பின் பல தபசுகாலங்களுக்கு வழிபாடு தயாரித்துக் கொடுத்தேன், யார் எங்கே முழங்காலிட வேண்டும் என்று ஒருவர் விடாமல் குறித்தும் வைத்தேன், அந்த வரிசையில் என் பெயரை எழுத மட்டும் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் மறந்துபோனேன்.